பட்டன் போனுக்கு மூடுவிழாவா?

வெண்ணந்தூர் தறிக்காரர் சட்டைப் பையில் பழைய பட்டன் போன்தான் இருக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூணு நாள் தாங்கும். ரேஷனுக்கோ பேங்குக்கோ ரகசிய எண் வந்தால் அதில்தான் வந்து விழும்.

அந்தப் போனுக்கு உயிர் 2ஜி. அதை மூடு என்கிறார்கள்!

2024 ஜனவரியில் டிராய் ஆணையத்திடம் ஜியோ நிறுவனம் ஒரு கருத்தைக் கொடுத்தது. 2ஜி, 3ஜி இரண்டையும் அறவே மூட அரசு கொள்கை வகுக்க வேண்டுமாம். 2016-ல் நேராக 4ஜியோடு கடை திறந்த நிறுவனம் அது. மூடினால் அதற்கு என்ன நஷ்டம்?

கேட்பதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. போனுக்கும் டவருக்கும் நடுவே ஓடுவது ரேடியோ அலை. அந்த அலைவரிசை அளவோடுதான் இருக்கிறது. கோடி கோடியாக ஏலத்தில் போகிறது. தறிக் கொட்டகை மாதிரிதான். அதே கொட்டகையில் கைத்தறியை எடுத்துவிட்டு விசைத்தறி போட்டால் துணி பல மடங்கு வரும் அல்லவா? அப்படித்தான் 2ஜி இருந்த அலைவரிசையில் 4ஜி ஓட்டினால் சரக்கு அதிகம் போகும்.

2ஜி, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் போட்ட தறி. 3ஜியில் இன்டர்நெட் வேகம் பிடித்தது. 4ஜியில் பேச்சுகூட இன்டர்நெட் பொட்டலமாகத்தான் போகிறது. அந்தப் பாஷை பழைய போனுக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் 5ஜியும் வந்தாச்சு.

இதில் ஒரு வேடிக்கை. ஏர்டெல் 2020-ல் 3ஜியை மூடியது, 2ஜியை விட்டுவைத்தது. அண்ணன் இருக்க தம்பி போய்விட்டான்! ஏன்? 3ஜி போன் வைத்திருந்தவர் 2ஜியில் இறங்கியாவது பேசலாம். பட்டன் போன்காரர் எதில் இறங்குவார்?

சிங்கப்பூரிலும் 2ஜியை மூடினார்கள், 2017 ஏப்ரலில். ஆனால் 2015-லேயே சொல்லிவிட்டார்கள்.

இங்கேயும் 4ஜி பட்டன் போன் வராமல் இல்லை. 2023-ல் ஜியோ 999 ரூபாய்க்கு ஒன்றை விட்டது. அதில் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும்! அது உதவியா, தூண்டிலா?

மூடத்தான் வேண்டுமென்றால் மத்திய அரசு தேதியை முன்கூட்டியே சொல்லட்டும். எந்த சிம்மும் போடக்கூடிய 4ஜி பட்டன் போன், நெசவுக் கூலிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கடைக்கு வரட்டும். அதுவரை 2ஜி டவரில் யாரும் கை வைக்கக் கூடாது.