கணக்கு எந்த ஊரில் வாசிக்கப்படுகிறது?

வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகும் மிஷனரிக் குடும்பத்துக்கு ஊர் இரண்டு. காசு கொடுக்கும் சபை இருப்பது ஓர் ஊரில். அந்தக் காசில் முன்பள்ளியோ பிள்ளைகள் இல்லமோ தையல் வகுப்போ நடப்பது இன்னோர் ஊரில். கடிதம் போவது முதல் ஊருக்கு. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், கூரைக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் வாசிக்கப்படும். ஊவாவின் பசறையிலோ மடுல்சீமையிலோ தோட்ட லயத்தில் இருக்கும் தாய்க்கு, தன் பிள்ளையின் படம் எந்த நாட்டில் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதன் பேரில் எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சொல்ல ஆளில்லை. மலையகத்தில் இத்தகைய ஊழியங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே மதமாற்றத்தில்தான் போய் நிற்கிறோம். எனக்கு அது இரண்டாவது கேள்வி. தர்மத்தின் கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்படுகிறது என்பதுதான் முதல் கேள்வி. யாருக்குக் கணக்குச் சொல்கிறோமோ அவருடைய முகம் கோணாமல் நடந்துகொள்வோம், ஊழியக்காரர்களும் மனிதர்கள்தான்.

மலையகத்தின் பழைய அனுபவத்தைப் பாருங்கள். 1854இல் கண்டியை மையமாக வைத்து, சீ.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்தின் துணையோடு ஓர் ஆங்கிலிக்கன் பணி தொடங்கியது. அதற்கு வைத்த பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. நெடுங்காலம் கழித்துத்தான் அதிலிருந்து ‘கூலி’ விழுந்தது. திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் பழகியிருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதை நடத்த வந்தார். உபதேசிமாரும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தார்கள். அட்டைக்கும் மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தியாகத்தைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட காரியம். எழுத்தறிவு என்ற ஒன்று பல தோட்டங்களில் முதன்முதலாகத் தலைகாட்டியதும் அவர்களால்தான். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் கடமையை நிர்வாகத்தின் தலையில் கட்டிய கல்விச் சட்டம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் அந்த உபதேசிமாரின் சம்பளத்தைப் பெருமளவில் தாங்கியது தோட்டத் துரைமார் போட்ட நிதி. துரையின் அனுமதி இல்லாமல் லயத்துக்குள் யாரும் கால்வைக்க முடியாத காலம் வேறு. ஆகவே மிஷனின் கணக்கு துரைமார் இருந்த கமிட்டிக்குப் போனது. பாவத்தைப் பற்றியும் சாராயத்தைப் பற்றியும் லயத்தில் தாராளமாகப் பேச முடிந்தது. தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டுக் கடனைப் பற்றியும் பிடித்துவைத்த கூலியைப் பற்றியும் துரையோடு மோதிய அமைப்பு என்ற பெயரை அந்த மிஷன் எடுக்கவில்லை. அதன் ஊழியர்களுக்கு மனம் இல்லை என்று நான் சொல்லவில்லை. காசு வந்த இடம் வாயைக் கட்டியிருந்தது.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் இன்னும் தெளிவான சாட்சி, ஏனென்றால் கொடையாளிக்குப் பதில் சொல்வது, ஊருக்குப் பதில் சொல்வது என்ற இரண்டு வழிகளும் அங்கே ஒரே மிஷனுக்குள் நடந்தன. 1816இல் வந்த அந்த மிஷனரிக் குடும்பங்கள் உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கின. ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளி அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பும் பெயரை வைக்கலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழிலக்கிய வரலாற்றில் நாம் வாசிக்கும் அறிஞர்களின் முன்பெயர்கள் இந்தப் பள்ளிகள் தந்தவை. இன்றைய பிள்ளைகள் தத்துத் திட்டத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. அன்று பெயர், இன்று புகைப்படம். அதே மிஷனுக்கு 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறு வழியில் போனார். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பித்தவர், 1864இல் தமிழுக்கு மாறினார். பாடநூல்களைத் தமிழாக்கினார். தமது மாணவர்கள் மிஷன் சம்பளத்தை நம்பாமல் கிராமங்களில் பரவி, நோயாளிகள் கொடுப்பதைக் கொண்டு தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பினார். மனைவி மக்களோடு அங்கே வாழ்ந்து 1873இல் அவர் ஊர் திரும்பியபோது அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் உருவாகியிருந்தார்கள். அவரும் மதம் பரப்ப வந்தவர்தான், அதை ஒருநாளும் மறைத்தவரல்ல. ஆனால் அவருடைய மாணவன் தினமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது மிஷனின் தலைமையகம் இருந்த பொஸ்டனுக்கல்ல, திண்ணையில் வந்து உட்கார்ந்த நோயாளிக்கு.

வெளிநாட்டுக் கப்பலில் வந்தவர்தான் மிஷனரி என்று நினைத்துவிடக் கூடாது. 1972இல் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரித்துப் பதுளை, மொனராகலை மாவட்டங்களுக்குப் பதுளை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார வசதியும் பெயரும் உள்ள அந்த இடத்தை விட்டுவிட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்குத் தாமே கேட்டு வந்தார். சிங்களவரான அவர் பண்டாரவளையில் சேவக செவன என்ற பயிற்சி இல்லத்தை அமைத்தார். குருமாராக வரப்போகிறவர்கள் மக்களிடமிருந்து கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். குடியுரிமை இல்லாத இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இருந்த காலம் அது. காணிச் சீர்திருத்தமும் தேசியமயமும் தோட்டங்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தன. 1982இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கியவற்றில் எது நின்றது எது தளர்ந்தது என்பது நீண்ட கதை. எனக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: தர்மம் செய்ய வந்தவர், கேள்வி கேட்கப்படும் இடத்தில் தம்மை வைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. பதுளையிலேயே நடந்திருக்கிறது.

இதை எழுதும்போதே எதிர்ப்புக் குரல் கேட்கிறது: கிறிஸ்தவர்களைக் கண்காணிக்க நினைப்பவர்களுக்கு இது வசதியான வாதம் அல்லவா? நியாயமான பயம். 2003இல் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மதப் பரப்புரையையும் சமூகசேவையையும் ஒரே அமைப்பு சேர்த்துச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அந்தக் கன்னியரின் மத உரிமை மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. நான் அந்தக் குழுவின் பக்கம். நம்பிக்கையை மாற்றிக்கொள்வதும் வைத்துக்கொள்வதும் லயத்தில் இருப்பவரின் உரிமை. அவர் ஏழை என்பதால் அவருடைய நம்பிக்கை விலைக்கு வாங்கப்பட்டதுதான் என்று முடிவுகட்டுவது அவரை அவமதிப்பது. கஞ்சி ஊற்றுபவன் ஜெபமும் செய்தால் குற்றம் என்று சட்டம் போட்டால் கஞ்சிதான் முதலில் நிற்கும். நான் கேட்பது அனுமதிப் பத்திரம் அல்ல, கணக்கு. அதுவும் கொழும்புக்கு அல்ல. தொண்டு நிறுவனங்களைப் பதிவதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்படி கொடுக்கும் அறிக்கை அதிகாரியின் மேசைக்குப் போகும், தோட்டத்துக்கு வராது. அதிகாரிக்கு மட்டும் தெரிந்த கணக்கு பிறகு மிரட்டுவதற்கும் பயன்படும். ஊருக்கே தெரிந்த கணக்கைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது.

இன்னொரு எதிர்ப்பு, தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் விளங்காது என்பது. இதைச் சொல்பவர்கள் மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த பிறகு நடக்கும் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன். சந்தா எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மிச்சம் யார் கையில் என்று அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்குப் பல கம்பனிகளின் பொதுக்கூட்டம் ஈடாகாது. மரண உதவிச் சங்கத்தின் கொப்பியையும் அதே மக்கள்தான் எழுதுகிறார்கள். கோயில்களில் கையாடலே இல்லை என்பதல்ல. நடந்தால் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக் காசில் நடக்கும் முன்பள்ளியிடம் அந்த உரிமை தங்களுக்கு இல்லை என்று அவர்களே நினைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது தங்கள் காசு அல்லவாம். தங்கள் பிள்ளையின் முகத்தைக் காட்டித் திரட்டிய காசு வேறு யாருடையது?

சிறு சபை நடத்தும் பாஸ்டர் குடும்பங்களின் சங்கடம் வேறு. வெளியிலிருந்து வரும் குடும்பத்துக்கு விசா, வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று செலவு இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளமே இல்லை. கொடையாளி பிள்ளையின் புத்தகத்துக்குக் கொடுப்பார், ஊழியரின் வீட்டு அரிசிக்குக் கொடுக்கத் தயங்குவார். அதனால் அரிசிச் செலவு புத்தகச் செலவுக்குள் ஒளிந்துகொள்கிறது. பிறகு யாராவது கண்டுபிடித்தால் மொத்த ஊழியமும் மோசடி என்று பெயர் வாங்குகிறது. ஊழியக் குடும்பத்தின் சம்பளத்தை வெளிப்படையாக எழுதிவைப்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் முதல் பாதுகாப்பு. உழைக்கிறவர்கள் வாழ வேண்டும் என்பது, நாட்சம்பளத்துக்காக ஆண்டாண்டாகப் போராடும் தோட்டத்துச் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல.

அவசர காலத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தை நொறுக்கியபோதும், கோயில், விகாரை, பள்ளிவாசல், சபை என்று பேதமில்லாமல் சோறு வந்தது. அந்த வாரத்தில் ரசீது கேட்பவன் மூடன். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்கலாம், கேட்க வேண்டும். மீரியபெத்தை மக்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. பாயும் பால்மாவும் உடனே வந்தாலும் வீட்டுக்கும் காணிக்கும் உறுதிக்கும் குரல் கொடுக்கும் வேலை பிறகுதான் தொடங்குகிறது. தோட்டத்து மக்களுக்குப் பதில் சொல்லப் பழகிய அமைப்பு அந்த வேலையிலும் கூட நிற்கும். கொடையாளிக்கு மட்டும் பதில் சொல்லும் அமைப்பு படம் எடுத்து முடிந்ததும் அடுத்த அழிவுக்குப் போய்விடும்.

செய்யக்கூடியது சிறிய காரியம். சபையோ, கோயில் அறக்கட்டளையோ, தொழிற்சங்கமோ, அரச சார்பற்ற நிறுவனமோ, தோட்டத்தில் வெளிக்காசைக் கொண்டு தர்மம் நடத்தும் எவரும் வருடத்துக்கு ஒருமுறை தமிழில் ஒரு பக்கக் கணக்கை முன்பள்ளிச் சுவரில் ஒட்டி, பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எவ்வளவு வந்தது, யாருக்குச் சம்பளம், பிள்ளைகளின் படங்கள் எங்கே பயன்படுத்தப்பட்டன, அடுத்த வருடம் இது நடக்குமா என்பது அதில் இருந்தால் போதும். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் அந்தத் தோட்டத்துப் பெற்றோராக இருக்கட்டும். இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊவாவுக்குக் காசு அனுப்பும் தமிழர்கள், கிறிஸ்தவரானாலும் இந்துவானாலும், அடுத்த தொகையை அனுப்புமுன் அந்த ஒரு பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். பிள்ளையின் படம் வேண்டாம் என்றும் கூடவே எழுதுங்கள்.