எதிர்ப்பாற்றல் அன்று, குறுக்கீட்டுத் தடை

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழை அச்சுத்தாளோடு நின்றுவிடுவதில்லை; அது பண்ணைக்கும் வகுப்பறைக்கும் செல்கிறது. இதனை நான் என் பிழை ஒன்றாலேயே அறிந்தேன். கோழிகளைத் தாக்கும் லூக்கோசிஸ் என்னும் நோய்பற்றிய கட்டுரையைத் தமிழாக்கியபோது, வைரஸ் புகுந்த உயிரணு அதே வைரஸை மீண்டும் ஏற்பதில்லை என்ற செய்தியை, ‘உயிரணு நோய் எதிர்ப்பாற்றல் பெறுகிறது’ என்று எழுதிவிட்டேன். களப்பணியாளர் ஒருவர், “அவ்வாறாயின் நோயுற்ற கோழிகளைப் பண்ணையிலேயே வைத்துக்கொண்டால் ஏனையவற்றிற்கும் காப்பு உண்டாகுமா?” என்று வினவி எழுதினார். அவர் கேட்டதில் தவறில்லை. தவறு என் சொல்லில் இருந்தது.

உண்மை நிகழ்ச்சி இது. கோழியின் புற்றுக்கட்டி ஒன்றை, உயிரணுக்கள் நீங்கிய வடிநீரைக் கொண்டே வேறு கோழிக்கு மாற்றலாம் என்று அமெரிக்க அறிஞர் பேட்டன் ரௌஸ் 1911-ஆம் ஆண்டில் காட்டினார். அக்கட்டிக்குக் காரணமான வைரஸைக் கோழிக்கருவின் உயிரணுக்களில் வளர்த்து ஆராய்ந்த ஹாரி ரூபின், சில கருக்களின் உயிரணுக்கள் அதனை ஏற்காமையைக் கண்டார். அவற்றுள் வேறொரு வைரஸ் முன்னரே குடியேறியிருந்தது என்பதை 1960-இல் வெளியிட்டார். அவ்வாறு குடியேறியிருந்தது லூக்கோசிஸ் வைரஸே ஆகும்.

வைரஸின் மேலுறைப் புரதம், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றினால்தான் வைரஸ் உள்ளே புக இயலும். புகுந்த பின்னர், உயிரணுவே அம்மேலுறைப் புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. அப்புரதம் தன் உயிரணுவின் ஏற்பிகளையே பற்றிக்கொள்வதால், பின்வரும் வைரஸுக்குப் பற்றுக்கோடு இல்லாமற் போகிறது. பூட்டின் துளையில் ஒரு சாவி முறிந்து தங்கினால் அதே வகைச் சாவி வேறொன்று நுழையாதன்றோ? ஆயினும் அடுத்த பூட்டு திறக்கக்கூடியதாகவே இருக்கும். ஏ பிரிவு லூக்கோசிஸ் வைரஸ் புகுந்த உயிரணு ஏ பிரிவை விலக்கும். பி பிரிவை விலக்காது. 1989-இல் சால்ட்டர், கிரிட்டெண்டன் என்னும் அறிஞர்கள், ஏ பிரிவின் மேலுறைப் புரதத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கும் கோழிகளைப்பற்றி எழுதினர். அக்கோழிகளில் முழு வைரஸ் உண்டாகவில்லை. எனினும் அவை ஏ பிரிவுத் தொற்றை வன்மையாகத் தடுத்தன. இத்தடைக்கு மேலுறைப் புரதமே போதும் என்பது இதனால் விளங்கும்.

இதனை நோய் எதிர்ப்பாற்றல் என்பது பொருந்துமா? எதிர்ப்பாற்றல் உடல் முழுவதற்கும் உரியது. குருதியில் எதிர்ப்பொருள் தோன்றிப் பகைவனை ஒழிக்கிறது. இங்கோ, தடை பெற்ற உயிரணு முன்னரே வைரஸுக்கு இடங்கொடுத்துவிட்டது. மேலும், முட்டைவழித் தாயிடமிருந்து இவ்வைரஸைப் பெற்ற குஞ்சின் உடல் அதனை அயலானாகக் கருதுவதில்லை. ஆதலின் எதிர்ப்பொருள் தோன்றாது. அக்கோழி தானும் வைரஸைச் சுமந்து, தன் குஞ்சுகளுக்கும் வழங்கும். வைரஸை வெளியிடும் தாய்க்கோழிகளைச் சோதித்து நீக்குவதே இந்நோயைக் கட்டுப்படுத்தும் வழி. என் சொல்லை நம்பிய ஒருவர் அதற்கு நேர்மாறாக அன்றோ செய்திருப்பார்?

வேடிக்கை என்னவெனில், ரூபின் கண்ட இத்தடையே மறைந்திருக்கும் லூக்கோசிஸைக் கண்டறியும் சோதனையாகப் பயன்பட்டது. கருவின் உயிரணுக்கள் ரௌஸ் வைரஸை விலக்கினால், அது நலத்தின் அறிகுறியன்று, நோய் உள்ளிருப்பதன் அறிகுறி!

ஆங்கிலத்திலும் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்னும் ஒரே சொல்லே இரண்டிற்கும் வழங்குகிறதே என்று சிலர் கூறலாம். வழங்குகிறது; ஆனால் ஆங்கில ஆய்வுரையைப் படிப்பவர் அத்துறையறிந்தவர். நம் வாசகரோ அச்சொல்லைக் கொண்டே செயலில் இறங்குபவர். ஆதலின் இந்நிகழ்ச்சியைக் ‘குறுக்கீட்டுத் தடை’ என்று வழங்குவோம். ஆசிரியர்கள் அம்மைத் தடுப்பூசியைப்பற்றிக் கற்பிக்கும்போது இதனை எடுத்துக்காட்டாகக் கூறாதிருத்தல் நன்று, தனியே கற்பிக்கலாம். களப்பணியாளர்கள் ஐயம் எழுந்தவுடன் எழுதிக் கேட்பார்களாக. என்னைத் திருத்தியதும் அத்தகைய கடிதம் ஒன்றே.