தலைநகரங்கள் பேசுகின்றன, நகரங்கள் எங்கே?

ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோலுக்குத் தீ வைக்கப்படும் நாள்களில் லாகூரிலிருந்து தில்லி வரை ஒரே புகைப் போர்வை விரிகிறது. வாகனங்களின் புகையும் செங்கற்சூளைகளின் புகையும் அதனுடன் கலந்து, இரு நாட்டு மக்களின் நுரையீரலையும் பாரபட்சமின்றி அரிக்கின்றன. எல்லையில் நின்று அனுமதி கேட்கும் வழக்கம் மாசுக் காற்றுக்கு இல்லை. ஆனால், பாதிக்கப்படும் இரு மாநகரங்களின் நிர்வாகத்தினர் நேருக்கு நேர் அமர்ந்து பேச ஒரு மேடை உண்டா என்றால், இல்லை.

இரு நாடுகளுக்கு இடையேயான பகைமைதான் இதற்குக் காரணம் என்று கூறிக் கடந்துவிட முடியாது. பகைமை இல்லாத அண்டை நாடுகளின் நகரங்களுடனும் ஏறத்தாழ இதே நிலைதான். தெற்காசிய ஒத்துழைப்பு என்பது தொடக்கம் முதலே தலைநகரங்களுக்கு இடையேயான உரையாடலாகவே கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்பதே உண்மைக் காரணம்.

1985 டிசம்பரில் டாக்காவில் உருவான சார்க் அமைப்பின் செயலகம், 1987 முதல் காத்மாண்டில் இயங்குகிறது. எல்லை தாண்டும் காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தெற்காசிய நாடுகளும் ஈரானும் 1998-இல் மாலே நகரில் ஒரு பிரகடனத்தை ஏற்றன. ஆனால், எந்த அரசையும் கட்டுப்படுத்தும் வலிமை அதற்கு இல்லை. 2014 நவம்பரில் காத்மாண்டில் கூடிய பிறகு சார்க் தலைவர்களின் உச்சி மாநாடு நடைபெறவே இல்லை. 2016-இல் இஸ்லாமாபாதில் நடைபெறவிருந்த மாநாடு, உரி தாக்குதலுக்குப் பின்னர் கைவிடப்பட்டது. ஒரே இழையில் தொங்கவிடப்பட்ட அமைப்பு, அந்த இழை அறுந்தவுடன் செயலற்றுப் போனதில் வியப்பில்லை.

ஐரோப்பா இந்த விஷயத்தில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1871-க்கும் இரண்டாம் உலகப் போரின் முடிவுக்கும் இடையே பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையில் நான்கு முறை கைமாறிய நகரம் ஸ்ட்ராஸ்பர்க். இன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இருக்கை பாரிஸிலும் இல்லை, பெர்லினிலும் இல்லை. அந்த எல்லை நகரத்தில்தான் இருக்கிறது. 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க் நகர டிராம் வண்டி ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகரத்துக்குச் சென்று வருகிறது. போர்ப் படைகள் கடந்த நதியை இன்று அன்றாட வேலைக்குச் செல்வோர் கடக்கின்றனர். இதைச் சாத்தியமாக்கியதில் இரு கரையிலும் உள்ள நகர நிர்வாகங்களின் பங்கு சிறிதல்ல. எல்லையின் இரு புறமும் உள்ள உள்ளாட்சிகள் சட்ட அங்கீகாரம் பெற்ற ஒரே அமைப்பாக இணைந்து செயல்பட வகைசெய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே இயற்றிவிட்டது.

மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் விளைவாக 1994-இல் கூடத் தொடங்கிய பிராந்தியங்களின் குழு மற்றோர் எடுத்துக்காட்டு. மேயர்கள், நகர்மன்ற உறுப்பினர்கள், மாகாணப் பிரதிநிதிகள் என 329 பேர் கொண்ட இந்தக் குழுவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லது தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மட்டுமே இடம்பெற முடியும். குழுவின் கருத்து ஆலோசனை மட்டுமே என்பது உண்மை. ஆயினும், உள்ளாட்சிகளைப் பாதிக்கும் துறைகளில் சட்டம் இயற்றும் முன் அக் குழுவைக் கேட்டாக வேண்டும் என்பது கட்டாயம்.

ஐரோப்பிய நகரங்களுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துவிடுகிறது என்று இதற்குப் பொருளல்ல. புதிய டீசல் கார்கள் சாலைச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை முதலில் 2.1 மடங்கு வரையும் பின்னர் 1.5 மடங்கு வரையும் மீறலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2016-இல் சலுகை வழங்கியது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், மாட்ரிட் ஆகிய மூன்று மாநகரங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2018 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், 2022 ஜனவரியில் மேல் நீதிமன்றம் அத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த விதிமுறையால் நகரங்கள் நேரடியாகப் பாதிக்கப்படவில்லை என்பதால் அவை வழக்குத் தொடுக்க இயலாது என்பது காரணமாகக் கூறப்பட்டது. நகரங்கள் தோற்றன என்றாலும், தங்கள் குடிமக்களின் மூச்சுக்காற்றுக்காக நாடுகளைக் கடந்த ஒரு நீதிமன்றத்தின் படியேறி வாதாட அவற்றால் முடிந்தது.

தில்லியின் நிலை என்ன? தலைநகரப் பகுதியின் காற்றுத் தர மேலாண்மைக்கென நாடாளுமன்றம் 2021-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த ஆணையத்தில் மத்திய அரசின் அதிகாரிகள் உள்ளனர். அண்டை மாநிலங்களின் பிரதிநிதிகளும் வல்லுநர்களும் தன்னார்வ அமைப்பினரும் உள்ளனர். மேயர் என்ற பதவிக்கென்று அதில் ஓர் இருக்கையை அச் சட்டம் ஒதுக்கவில்லை. குப்பையை எரிப்பதைத் தடுப்பதும், உள்சாலைகளின் புழுதியை அகற்றுவதும் மாநகராட்சியின் வேலை; கொள்கை வகுக்கும் இடத்தில் மட்டும் அதற்கு வேலையில்லை.

இத்தனைக்கும் நகரங்களின் உலக மேடைக்கு இந்தியா புதியதல்ல. ஜி-20 தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தபோது, 2023 ஜூலையில் உலக மேயர்களின் 'அர்பன்-20' மாநாடு ஆமதாபாதில் நடைபெற்றது. பருவநிலை மாற்றம், குடிநீர்ப் பாதுகாப்பு குறித்து நகரங்கள் உலகத் தலைவர்களுக்குப் பரிந்துரை அளித்தன. அதே காலகட்டத்தில் இந்தியாவின் பெருநகரங்கள் எப்படி ஆளப்பட்டன என்று பார்த்தால் முரண்பாடு விளங்கும். 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த மும்பை மாநகராட்சிக்கு 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடைபெற்றது. பெங்களூரு மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025-இல் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்படும் வரை தேர்தல் நடைபெறவில்லை. சென்னையும் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலேயே இருந்தது. தில்லி மாநகராட்சியை 2012-இல் மூன்றாக்கியது சட்டப்பேரவை இயற்றிய சட்டம். 2022-இல் மீண்டும் ஒன்றாக்கியது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதன் மேயருக்கோ பதவிக்காலம் ஓராண்டுதான். அறைக்குள் நுழைந்து கோப்புகளைப் புரிந்துகொள்வதற்குள் விடைபெறும் ஒருவர், டாக்காவின் மேயருடனோ காத்மாண்டின் மேயருடனோ எதைப் பேச முடியும்?

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால், அவற்றை உள்ளாட்சிகளுக்கு வழங்குவதை மாநிலச் சட்டப்பேரவைகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. வெளியுறவு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எல்லை கடந்த ஒரு நகரத்துடன் பேச வேண்டுமானால், இந்த இரண்டு கதவுகளையும் தட்டிவிட்டுத்தான் மேயர் வெளியே வர வேண்டும். 2014-இல் காத்மாண்டு - வாராணசி, ஜனக்பூர் - அயோத்தி, லும்பினி - புத்த கயை எனச் சகோதர நகர உடன்பாடுகள் கையெழுத்தாயின. அவையும் பிரதமரின் நேபாளப் பயணத்தின் ஓர் அங்கமாகத்தான் நிகழ்ந்தன.

நகரங்களுக்கு வெளிநாடுகளுடன் பேச உரிமை தந்தால் நாட்டின் வெளியுறவுக் கொள்கை சிதறிவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. பாதுகாப்பு உணர்வு மிகுந்த எல்லைகளைக் கொண்ட நாட்டில் அந்த அச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், இங்கே கோரப்படுவது ராணுவ ரகசியமோ எல்லை வரையறையோ அல்ல. கழிவுநீர், வெள்ளத் தடுப்பு, தொற்றுநோய் எச்சரிக்கை, காற்று மாசு, நகரப் போக்குவரத்து ஆகியவை குறித்த அனுபவப் பகிர்வும் கூட்டு நடவடிக்கையுமே. மாநிலங்கள் வெளிநாடுகளுடன் தொடர்புகொள்ள உதவ, வெளியுறவு அமைச்சகம் 2014-இல் தனிப் பிரிவையே தொடங்கியது. அதை நகரங்களுக்கும் விரிவுபடுத்துவதில் தடையென்ன?

இதற்குப் பொருத்தமான தளம் பிம்ஸ்டெக். 1997-இல் பாங்காக்கில் தொடங்கி, 2014 முதல் டாக்காவில் செயலகம் கொண்டுள்ள இந்த ஏழு நாடுகளின் அமைப்புக்கு, 2024 மே மாதத்தில்தான் சாசனம் நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை, சிட்டகாங், யாங்கோன், கொழும்பு என அதன் துறைமுக நகரங்கள் அனைத்தும் புயலையும் கடல்மட்ட உயர்வையும் எதிர்கொண்டு நிற்பவை. இந் நகரங்களுக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைக்க இந்தியா முன்மொழியலாம். அதற்கு முன்பாக, மேயர்களுக்கு ஐந்தாண்டு பதவிக்காலத்தையும், தேர்தல்கள் உரிய காலத்தில் நடைபெறுவதையும் உறுதிசெய்ய வேண்டியது மாநில அரசுகளின் கடமை. மாநிலங்களுக்கு அதிகாரம் கோரி தில்லியில் உரத்துக் குரல் எழுப்பும் கட்சிகள், தங்கள் மாநிலத் தலைநகரின் மாநகராட்சிக்கு அதே நியாயத்தை மறுப்பது எந்த வகைக் கூட்டாட்சி?

அரசுகள் மாறும், உறவுகள் கசக்கும், இனிக்கும். நகரங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே அண்டை நகரங்களுக்கு அருகில் இருந்துகொண்டிருக்கும். தலைநகரங்கள் பேசாத நாள்களிலும் பேசக்கூடியவர்கள் சிலர் வேண்டும். அவர்களுக்கு முதலில் சொந்த நாட்டில் ஓர் இருக்கை கிடைக்கட்டும்.