தாகம் கேட்பது தண்ணீரை மட்டுமா?

ஒஸ்லோவின் பிக்டோய் பகுதியில் உள்ள அருங்காட்சியகத்தில் கொன்-டிக்கி என்ற பால்சா மரத் தெப்பம் இருக்கிறது. 1947இல் தோர் ஹெயர்டாலும் ஐந்து தோழர்களும் பெருவிலிருந்து புறப்பட்டு, 101 நாட்கள் அதில் பசிபிக் கடலில் பயணம் செய்தார்கள். கொளுத்தும் வெயில் நாட்களில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை என்று ஹெயர்டால் எழுதியிருக்கிறார். குடிநீரில் 20 முதல் 40 வீதம் வரை கடல்நீரைக் கலந்து குடித்த பிறகே அடங்கியதாம். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

தாகம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு குறைகளைச் சொல்கிறோம். முதலாவது, தண்ணீர் மட்டும் குறைவது. இரத்தத்தின் உப்புச் செறிவு 1 அல்லது 2 வீதம் ஏறினாலே மூளை தண்ணீர் கேட்கும். 1950களில் சுவீடனின் பெங்த் ஆண்டர்சன் ஆடுகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குள் அடர்ந்த உப்புநீரைத் துளியளவு செலுத்தினார். ஆடுகள் உடனே தண்ணீரைத் தேடிக் குடித்தன. இந்தத் தாகத்துக்குக் குழாய்த் தண்ணீரே போதும்.

இரண்டாவது, வியர்வையோடு உப்பும் போய்விடுவது. அப்போது வெறும் தண்ணீரையே குடித்தால் இரத்தம் நீர்த்துப்போகும். சிறுநீரகம் அந்தத் தண்ணீரை மிகை என்று கருதி வெளியேற்றிவிடும். தண்ணீரை உடலில் நிறுத்தி வைக்க உப்பு வேண்டும். தெப்பத்தில் இருந்தவர்களின் தாகத்தை இது விளக்குகிறது. ஆனால் கடல்நீரைத் தனியே குடிப்பது ஆபத்து. அதில் லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடுதலான தண்ணீரை உடல் இழக்க நேரும்.

அப்படியானால் குளிர்ந்த சோடா ஏன் உடனே இதமாக இருக்கிறது? குளிர்ச்சி, புளிப்பு, நுரை மூன்றையும் வாய் உணர்ந்து, தண்ணீர் இரத்தத்தில் சேரும் முன்பே மூளையைச் சமாதானப்படுத்துகிறது. ஆனால் கோலா போன்ற இனிப்புச் சோடாவில் 100 மில்லிலீட்டருக்குச் சுமார் 10 கிராம் சீனி. அவ்வளவு சீனியுள்ள பானம் இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். வாயிலும் பிசுபிசுப்பு தங்கும். அதனால்தான் சற்று நேரத்தில் மறுபடி தண்ணீர் கேட்கிறது.

சீனி அளவோடு இருந்தால் அதுவே உதவி. குடலில் சீனியும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரையும் கூட்டிச் செல்கின்றன. வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி இந்த அறிவில் பிறந்ததே. 2016இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் 13 பானங்களை ஒப்பிட்டபோது, பாலும் இத்தகைய கரைசலும் தண்ணீரைவிட நீண்ட நேரம் உடலில் தங்கின. தேநீரும் கோப்பியும் தண்ணீருக்குச் சமமாகவே நின்றன. உப்பிட்ட மோரில் தண்ணீர், உப்பு, புளிப்பு மூன்றும் இருக்கின்றன. தயிர்த் தெளிவு போன்ற புளித்த பால்நீரில் தண்ணீர் விட்டுக் குடிப்பது நோர்வேக் கிராமங்களிலும் பழைய வழக்கம்.

ஆகவே, உடல் எதை இழந்ததோ அதைத் தரும் பானமே தாகம் தீர்க்கும். சாதாரண நாளில் மாரிடால் ஏரியிலிருந்து ஒஸ்லோ வீடுகளுக்கு வரும் தண்ணீர் போதும். கோடையில் ஓடி விளையாடி வியர்த்தவருக்கு உப்பிட்ட மோர் நல்லது. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உப்புச் சேர்க்க வேண்டும்.

பனிக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. குளிர் தாகத்தை மறைக்கும். முதுமை அதை மேலும் மங்கச் செய்யும். சூடேற்றிய அறையின் வறண்ட காற்றோ ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் அம்மம்மாவும் அப்பப்பாவும் தண்ணீர் கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று இருந்துவிடக் கூடாது. அவர்கள் கேட்கும் முன்பே கொடுப்போம்.