டிரைவர் ஒத்துவராவிட்டால் என்ன? நம்பர் போதும்!

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கார் ஓட்டுவது தனிக் கலை. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள், ஓரத்தில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்கள், தாண்டினால் உப்பளம். இங்கே ஒரு லாரி காரை உரசிவிட்டால் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கார்க்காரர் இறங்கிப் போய் "லைசென்ஸை எடு" என்பார். சிலர் சாவியைப் பிடுங்கப் பார்ப்பார்கள். டிரைவர் முறைப்பார், அல்லது போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார், அல்லது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விடுவார்.

இந்தச் சண்டையால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் (1988), 130-வது பிரிவின்படி சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் டிரைவர் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். இடிபட்டவருக்கு அந்த அதிகாரம் இல்லை. 134-வது பிரிவு இன்னும் சுவாரசியமானது. காயம்பட்டவருக்கு டிரைவர் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், போலீஸ் அங்கே இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஆனால் கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால், சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யாததற்கு மன்னிப்பு உண்டு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது! ஆக, கூட்டம் கூடி டிரைவரை அடிக்கப் பாய்வது, தப்பி ஓட அவருக்கு ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான்.

உண்மையில் டிரைவர் ஒத்துழைக்க வேண்டிய அவசியமே இல்லை. நஷ்ட ஈடு வரப்போவது சம்பளத்துக்கு ஓட்டும் அவர் பையிலிருந்து அல்ல. வண்டி முதலாளியும், கட்டாயமாக எடுத்திருக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸும்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தேவை வண்டி நம்பர். போலீஸோ ஆர்.டி.ஓ. அலுவலகமோ உரிமையாளர், டிரைவர், இன்சூரன்ஸ் விவரங்களை நஷ்ட ஈடு கேட்பவருக்குத் தர வேண்டும் என்று 160-வது பிரிவே சொல்கிறது.

பின் நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தால்? கன்டெய்னரின் கதவிலும் பக்கத்திலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டிக்கு அதுதான் அடையாளம். கேட்டில் பெட்டியோடு வண்டி நம்பரும் பதிவாகிறது. அந்தப் பதினொன்றையும் ஒரு போட்டோ எடுத்துவிட்டால் போலீஸுக்கு நூல் கிடைத்துவிடும். வாக்குவாதத்தில் வீணாகும் முதல் இரண்டு நிமிடம் இதற்குத்தான் வேண்டும்.

நம்பர் கிடைக்காமல் போனால் இழப்பு சாதாரணமானதல்ல. எந்த வண்டி என்றே தெரியாத விபத்துகளுக்கு 2022 ஏப்ரல் முதல் உள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். கார் சேதத்துக்கு ஒன்றும் இல்லை. வண்டி தெரிந்தால் தீர்ப்பாயத்தில் இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கணக்குப் போட்டு, பல மடங்கு கேட்கலாம்.

இன்னொரு வகை டிரைவர் உண்டு, ரொம்ப நல்லவராக வருபவர். "ஸ்டேஷன் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி, ரெண்டாயிரம் வாங்கிக்கோங்க" என்பார். வெறும் கீறல் என்றால் சரி. ஆனால் யாருக்காவது கழுத்தோ முதுகோ வலித்தால், புகார் இல்லை என்று எழுதிக் கொடுக்கவே கூடாது. உள்காயம் மறுநாள்தான் தெரியும். 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், 2021-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விபத்து என்று அங்கே பதிவாகும் குறிப்பு பிறகு வழக்குக்கும் உதவும். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வரவேண்டாம். கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்பே சொந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன்.