யாருடைய ஒற்றன்?

ஜேம்ஸ் பாண்ட் என்ற ஆங்கில வேவுகாரனின் வேஷத்தை அடுத்தபடியாக எந்த நடிகர் போடுவது என்ற சர்ச்சை, டேனியல் க்ரெய்க் 2021-ல் அவ்வேஷத்தைக் கலைத்தது முதல் உலகமெங்கும் நடந்து வந்திருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் அது நடப்பதில் ஆச்சரியமில்லை. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையோரத்திலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரவு ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும் வாலிபர்களும் இதில் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஒருவர் உயரம் போதாது என்கிறார். மற்றொருவர் வயது அதிகம் என்கிறார். மூன்றாமவர் நிறம் சரியில்லை என்கிறார். சட்டசபைக்கு அபேக்ஷகரைப் பொறுக்கும்போதுகூட இவ்வளவு நுணுக்கமான பரிசீலனை நடப்பதில்லை.

ஆயினும் இவ்வாதத்தை வீண்பேச்சு என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. ஒரே வேஷத்துக்குப் பல நடிகர்களை நிறுத்தி எடைபோட்டுப் பார்ப்பது தமிழர்களுக்குப் பழகிய ருசி. பாகவதரா, சின்னப்பாவா என்று வீட்டுத் திண்ணைகளில் நடந்த யுத்தத்தை நமது பெரியவர்கள் அறிவார்கள். வேவுகாரன் வேஷமும் நமக்குப் புதிதல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘வல்லவன் ஒருவன்’ 1966-ல் வெளிவந்தது. அதில் துப்பறிந்த ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். அதே 1966-ல் தெலுங்கில் ‘கூடசாரி 116’ வெளிவந்தது. அதில் நடித்த கிருஷ்ணா ஆந்திர ஜேம்ஸ் பாண்ட் ஆனார். 1968-ல் கன்னடத்தில் ராஜ்குமாரும் 999 என்ற இலக்கத்தைத் தாங்கி வந்துவிட்டார். கும்மிடிப்பூண்டியோ தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். அங்கே ஒரு தெருவாசிக்கு இரண்டு பாஷைகளிலும் இரண்டு ஒற்றர்கள் சொந்தமாயிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவனைக் கடல் கடந்து தேட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பது தவறாகாது.

சர்ச்சை செய்வோருக்கு இதில் வோட்டு உண்டா என்று பார்ப்போம். 1962-ல் ‘டாக்டர் நோ’ வெளிவந்தது முதல் அறுபது வருஷங்களுக்கு மேலாக இந்த வேஷத்துக்கு ஆள் நியமிக்கும் அதிகாரம் பிராக்கலி குடும்பத்தாரின் கையில் இருந்தது. 2025 பிப்ரவரியில் அவ்வதிகாரம் அமேஸான் என்ற அமெரிக்க வியாபாரக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு வியாபாரக் கம்பெனியிடமிருந்து 1858-ல் பிரிட்டிஷ் கிரீடம் நமது தேசத்தை வாங்கிக்கொண்டது. 2025-ல் அந்தக் கிரீடத்தின் பிரசித்தமான சேவகனை வேறொரு வியாபாரக் கம்பெனி வாங்கிக்கொண்டுவிட்டது. முதல் பேரத்தில் நம்மை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை. இரண்டாவதிலும் அப்படியேதான்.

இனி, சொல்லப்படும் ஆட்சேபங்களைச் சற்றுப் பரிசீலிப்போம். 2005-ல் க்ரெய்க்கின் பெயர் வெளியானபோது, அவருடைய தலைமயிர் பொன்னிறமாயிருக்கிறது என்பதற்காகவே ரஸிகர்கள் எதிர்ப்புக் கிளர்ச்சி நடத்தினார்கள். 2006-ல் ‘கஸீனோ ராயல்’ வெளிவந்ததும் கிளர்ச்சி அடங்கிவிட்டது. நடிப்பைப் பாராமல் மயிரைப் பார்த்தவர்கள் தோற்றார்கள். பிறப்பைப் பற்றிய ஆட்சேபமோ ஆரம்பத்திலேயே அடிபட்டுப் போயிற்று. முதலில் நடித்த ஷான் கானரி ஸ்காட்லாந்துக்காரர். 1969-ல் ஒரே படத்தில் நடித்த லேஸன்பி ஆஸ்திரேலியர். பியர்ஸ் பிராஸ்னன் அயர்லாந்துக்காரர். ஆங்கில அரசைத் தன் மண்ணிலிருந்து விரட்டுவதற்குத் துப்பாக்கி ஏந்திய அயர்லாந்தில் பிறந்தவர் ஆங்கில அரசின் துப்பாக்கியை ஏந்தி நடித்தபோது, அது பொருந்தாது என்று பெருங்கூச்சல் எழவில்லை. ஆனால் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த இத்ரிஸ் எல்பா என்ற கறுப்பு நடிகரின் பெயர் அடிபட்டவுடன், மூலக் கதை கெட்டுவிடுமே என்று பலர் பதறினார்கள். பிறப்பு தடையில்லை, நாடு தடையில்லை, நிறம் மட்டும் தடை என்றால் அந்த வாதத்தின் பெயர் என்ன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகைகளை ஒரு காலத்தில் பார்த்த தேசத்தில், அதே வாதத்தை நமது வாலிபர்களும் ஒப்பிப்பது வருந்தத்தக்கது.

கதையை விட்டு உண்மைக்கு வந்தால் இந்த ஆட்சேபத்துக்கு அடிப்படையே இல்லை. 1943 ஜூனில், ஜெர்மானியர் வசமிருந்த பிரான்ஸுக்குள் பிரிட்டிஷ் ரகசிய இலாகா நூர் இனாயத் கான் என்ற பெண்மணியைக் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராக அனுப்பிற்று. அவருடைய தந்தை பரோடாவில் பிறந்த சங்கீத வித்வான், ஸூபி ஞானி. திப்பு சுல்தானின் வம்சம். கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பிடிபட்ட பின்னும் அவர் பாரிஸ் நகரில் இடம் மாறி இடம் மாறித் தந்தி அனுப்பி வந்தார். பிறகு காட்டிக் கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரில் டாக்கௌ முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற உயர்ந்த விருதை அளித்தது. மெய்யான ஆங்கில ஒற்றர்படையில் இந்திய ரத்தம் அப்பொழுதே இருந்தது. பொய்யான ஒற்றனின் நிறத்துக்காகத்தான் இன்றைய கவலையெல்லாம்.

அப்படியானால் ஒற்றனுக்கு லக்ஷணம் எது? இதை வெளிநாட்டில் போய்க் கேட்க வேண்டியதில்லை. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பார்ப்பவர் சந்தேகம் கொள்ளாத தோற்றம், எவரைக் கண்டும் அஞ்சாமை, என்ன நேர்ந்தாலும் உள்ளதை வெளியிடாமை ஆகிய மூன்றையும் வள்ளுவர் ஒற்றனிடம் கேட்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்கச் சொல்கிறார். ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்றும் எச்சரிக்கிறார். அந்தப் பத்துக் குறள்களில் உடையழகைப் பற்றியோ மோட்டார் வண்டியைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. போகிற இடமெல்லாம் தன் பெயரை முழங்கிவிட்டு மதுக்கிண்ணத்தை ஏந்தும் ஆசாமியை வள்ளுவர் முதல் நாளே வேலையிலிருந்து நீக்கியிருப்பார்.

அந்தப் பாத்திரத்தைப் படைத்த இயன் பிளெமிங்குக்கும் இது தெரியாததல்ல. அவர் உலக யுத்தத்தில் கடற்படை உளவு இலாகாவில் வேலை பார்த்தவர். தம் கதாநாயகனுக்கு மிகச் சாதாரணமான பெயர் வேண்டும் என்று தேடி, மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் பாண்ட் என்ற ஒரு பக்ஷி சாஸ்திரியின் பெயரை எடுத்துக்கொண்டார். ஒருவர் கண்ணிலும் படாத பெயர் என்று அவர் எண்ணியதைச் சினிமா உலகப் பிரசித்தமாக்கிவிட்டது. நமது நாட்டில் இதைச் சரியாக உணர்ந்தவர் கமல்ஹாசன் என்று சொல்லலாம். 1986-ல் ‘விக்ரம்’ படத்தில் வாலிப ஒற்றனாக வந்த அவர், 36 வருஷங்களுக்குப் பின் 2022-ல் அதே பெயரில் மீண்டும் வந்தபோது, ஊரார் குடிகாரன் என்று ஒதுக்கும் ஒரு முதியவனாக நடமாடினார். வயதும் தளர்ச்சியும் அங்கே குறைகளாயில்லை, வேஷமாகவே பயன்பட்டன. சந்தேகிக்கப்படாத தோற்றம் என்ற இலக்கணத்துக்கு அது ஏற்ற உதாரணம்.

இவையெல்லாம் எந்த நடிகர் என்ற கேள்விக்கு உரியவை. இதைவிடப் பெரிய கேள்வி, அந்த ஒற்றன் யாருடைய ஒற்றன் என்பது. 1983-ல் வந்த ‘ஆக்டோபஸி’ என்ற பாண்ட் படத்தின் ஒரு பகுதி உதயப்பூரில் பிடிக்கப்பட்டது. அதில் நமது சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், ஆங்கில ஒற்றனுக்கு உதவி செய்யும் இந்திய ஒற்றராக நடித்தார். துரத்தி வந்த எதிரிகளை டென்னிஸ் மட்டையால் அடித்து விரட்டினார். படம் முடிவதற்கு முன்பே கொலையுண்டார். கதாநாயகன் ஊர் திரும்பினான். விஜய் அமிர்தராஜ் மீது நமக்குக் குறையில்லை. கொடுத்த பாத்திரத்தைக் குதூகலமாகச் செய்தார். ஆனால் கிரீடத்தின் கதையில் நமக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பதை அந்தப் பாத்திரமே அளந்து காட்டிவிட்டது.

கிரீடத்துக்கு விரோதமாக ஒற்றராக வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய கதை சென்னையிலேயே முடிந்தது. உலக யுத்த காலத்தில் பினாங்கில் இந்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று நடந்தது. மலேயாவில் பிழைக்கப் போயிருந்த இந்திய வாலிபர்களைப் பயிற்றி, தாய்நாட்டுக்குள் ரகசியமாக அனுப்பி, செய்தி சேகரிக்கவும் கிளர்ச்சிக்கு வழி செய்யவும் வைப்பது அதன் நோக்கம். திருவாங்கூரில் வக்கம் என்ற ஊரில் பிறந்த அப்துல் காதர் அவர்களில் ஒருவர். அவரும் அவருடைய கூட்டத்தாரும் 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலையாளக் கரையில் தானூர் அருகே இறங்கினார்கள்; விரைவிலேயே பிடிபட்டார்கள். வேறு மார்க்கங்களில் வந்தவர்களும் அகப்பட்டார்கள். வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10-ந் தேதி காதர், அனந்தன், வங்காளியாகிய சத்யேந்திர சந்திர பர்தன், சீக்கியராகிய பௌஜா சிங் ஆகிய நால்வரும் சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். காதருக்கு அப்போது வயது 26.

ஜப்பானியரின் உதவியோடு வந்தது சரியா என்று சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் வாதிக்கட்டும், அதற்கு இடமுண்டு. அந்நால்வரின் தைரியத்தைப் பற்றி மட்டும் வாதத்துக்கு இடமில்லை. நூர் இனாயத் கான் கிரீடத்துக்காக வேவு பார்த்தார்; அவரை ஜெர்மானியர் கொன்றார்கள், கிரீடம் சிலுவை அளித்தது. காதரும் தோழர்களும் தேசத்துக்காக வேவு பார்க்க வந்தார்கள். அவர்களைக் கிரீடமே கொன்றது. இரண்டு சாவுகளுக்கும் இடையே ஒரு வருஷம்தான். சிலுவை அளிக்க வேண்டிய கை இங்கே நமது கை. அது போதிய அளவு நீளவில்லை. அந்தச் சிறைச்சாலை சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சமீபத்தில் இருந்தது. பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, அவ்விடம் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. கும்மிடிப்பூண்டி ரெயிலில் தினம் சென்ட்ரலுக்கு வந்து இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில், பக்கத்திலேயே நான்கு ஒற்றர்கள் தூக்கில் மடிந்த இடம் உண்டென்று அறிந்தவர் எத்தனை பேர்? பாண்ட் வேஷம் போட்ட ஆறு நடிகர்களையும் வரிசையாகச் சொல்லும் வாலிபர்கள் இந்த நால்வரில் ஒருவர் பெயரையாவது சொல்வார்களா?

வாலிபர்களைக் குறைகூறி நாம் இதைச் சொல்லவில்லை. பாடப் புத்தகம் சொல்லித் தராததை அவர்கள் எங்கே கற்றிருக்க முடியும்? ரஸிகர்களுடைய ஆர்வம் பெரிய சக்தி. எந்தக் கதைக்கு எந்த நடிகர் வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டால், முதலாளிகள் கேட்டே தீருவார்கள். ஆகையால் விவாதத்தை நிறுத்த வேண்டாம். அதைத் திருப்ப வேண்டும். 26 வயதில் தூக்குமேடை ஏறிய காதராக நடிக்கத் தகுந்தவர் யார்? பர்தனாக யார்? பௌஜா சிங்காக யார்? அலைகடலில் இறங்கிய அந்த வாலிபர்களின் முகத்தில் இருந்த அச்சத்தையும் அச்சமின்மையையும் காட்டக்கூடிய நடிகர் நம்மிடையே யார்? ஒரு முஸ்லிமும் ஹிந்துக்களும் ஒரு சீக்கியரும் ஒரே காரியத்துக்காக ஒரே நாளில் உயிர் கொடுத்த கதைக்குக் கற்பனை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. மலையாளிகள், தமிழர்கள், வங்காளிகள், பஞ்சாபிகள் யாவரும் இதில் உரிமையோடு வாதாடலாம். கும்மிடிப்பூண்டியில் வந்து உழைக்கும் வடதேசத் தொழிலாளரும் வாதத்தில் சேரலாம்.

கிரீடத்தின் வேவுகாரனுக்கு ஆள் தேடும் பொறுப்பை அந்தக் கம்பெனிக்கே விட்டுவிடலாம். அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நமது ஒற்றர் நால்வருக்கு ஆள் தேடும் பொறுப்பு நம்முடையது.