உப்புக் காற்றுக்கு ஏற்ற கம்பி: கடலோர மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் பொதுப்பணித் துறைக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும், கடலோரத்தில் குடியிருப்போரும் கட்டுமானத் தொழிலாளரும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

கடற்கரை ஊர்களில் வீட்டின் நோய் முதலில் சன்ஷேடில் தெரியும். அடியில் பழுப்புக் கறை, பிறகு கம்பியின் போக்கிலேயே ஒரு விரிசல், ஒருநாள் காரை பெயர்ந்து விழும். காற்றிலும் நிலத்தடி நீரிலும் வரும் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்குகிறது. இரும்பு இருந்த இடத்தைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த குடியிருப்புகள் பலவற்றில் இதைப் பார்க்கிறோம். மேலே சிமென்ட் பூசி மறைப்பதற்குப் பராமரிப்பு என்று பில் போடுகிறார்கள்.

இதற்கு மாற்று உண்டு. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இழுத்துச் செய்யும் இழைக்கம்பி துருப்பிடிக்காது. எடை இரும்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். இழுத்து அறுப்பதும் சாதாரண கட்டுமானக் கம்பியைவிடக் கடினம். புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்ட நாட்டில், மீனவர் தெருவின் வடிகாலுக்கும் உப்புக்கு ஏற்ற கம்பி கேட்பது பேராசை ஆகாது.

ஆகவே முதல் கோரிக்கை: கடலரிப்புத் தடுப்புச் சுவர், படகுத் துறைத் தளம், மழைநீர் வடிகால், தரைமேல் போடும் காங்கிரீட் சாலை, சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்கு இழைக்கம்பியை அரசின் விலைவிகிதப் பட்டியலில் தனி விவரக்குறிப்போடு சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளை எந்த இளம் பொறியாளரும் துணிந்து மதிப்பீட்டில் எழுதமாட்டார்.

இரண்டாவதுதான் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. "12 எம்.எம். இரும்புக்குப் பதில் 8 எம்.எம். ஃபைபர் போதும்" என்ற வகை விற்பனைப் பேச்சைத் தடுக்க வேண்டும். வலிமை வேறு, விறைப்பு வேறு. இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல். இழைக்கம்பிக்குப் பெரும்பாலும் 45 முதல் 60 வரைதான். விட்டத்தையும் குறைத்துப் போட்டால் தளம் தொய்யும், விரிசல் அகலும். இன்னொன்று: சுமை அளவு மீறினால் இரும்பு நீண்டு கொடுக்கும், வீட்டில் உள்ளவர் வெளியே ஓட நேரம் கிடைக்கும். இழைக்கம்பி அப்படி நீளாது, சட்டென்று முறியும். தீயிலோ, காங்கிரீட் எரியாவிட்டாலும் உள்ளே பிசின் இளகிப் பிடிப்பு போய்விடும். அமெரிக்கக் காங்கிரீட் கழகம் 2022இல் இக்கம்பிக்கென வெளியிட்ட விதித்தொகுப்பே நிலநடுக்கத்துக்கும் தீக்கும் கடும் வரம்புகள் வைத்திருக்கிறது. எனவே குடியிருப்புகளின் தூணிலும் பீமிலும், இதற்கெனத் தனிக் கணக்குப் போட்டுக் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியாளர் இல்லாமல் இதைப் போட அனுமதிக்கக் கூடாது. இரும்புக் கடைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டின் முதுகெலும்பு இன்னும் அவர்களிடம்தான்.

மூன்றாவது, தரம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் இதற்கு ஐ.எஸ். 18256 என்ற தரநிலையைத் தந்துவிட்டது. அதற்கு உட்படாத கம்பி அரசுப் பணிகளுக்குள் வரக் கூடாது. வடிவமைப்புக்கும், காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 போல் முழுமையான இந்திய விதித்தொகுப்பு வேண்டும். காங்கிரீட்டின் காரத்தன்மை மட்டமான கண்ணாடியையும் பிசினையும் அரிக்கும் என்பதால், சந்தையில் விற்கும் கம்பிகளை வாங்கி, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் மண்டபம் மையம் போன்ற இடங்களில் உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் வைத்துச் சோதித்து, முடிவை நிறுவனப் பெயரோடு தமிழில் வெளியிட வேண்டும்.

நான்காவது, கம்பி கட்டும் தொழிலாளருக்குக் கூலியோடு பயிற்சி தர வேண்டும். இக்கம்பியைத் தளத்தில் வளைக்க முடியாது. சூடுகாட்டி வளைத்தால் கெட்டுப்போகும். வளையங்களும் கொக்கிகளும் ஆலையிலேயே வளைந்து வர வேண்டும். எடை குறைவு என்பதால் வைப்ரேட்டர் போடும்போது மேலே மிதக்கும். கீழே இழுத்துக் கட்டத் தெரிய வேண்டும். அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசுக்கு முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியவற்றை ஒப்பந்தக்காரர் தன் செலவில் தர வேண்டும்.

ஐந்தாவது, கம்பி எதுவானாலும் காங்கிரீட் கலக்க உவர்நீரும் கடல்மணலும் எடுப்பது நிற்க வேண்டும். இப்போதுள்ள ஐ.எஸ். 456 கேட்கும், கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனத்தையும் நீர்ச் சோதனையையும், காங்கிரீட் போடுவதற்கு முன்னால் குடியிருக்கப் போகிறவர்களை வைத்துக்கொண்டே அளந்து காட்ட வேண்டும். அளவுப் புத்தகத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.